நீலத் தட்டுகளின் சண்டையும் கல்லாற்றுக் கேசட்டும்

கல்லாறு என்றதும் நம்மவர்களில் பாதிப் பேர் மேட்டுப்பாளையம் கல்லாற்றை நினைத்துக்கொள்வீர்கள். ஊட்டி ரயில், பழப்பண்ணை... அது இல்லை. நான் சொல்வது திருவனந்தபுரம் மாவட்டத்துக் கல்லாறு. நெடுமங்காடு, விதுரா தாண்டி பொன்முடிக்குப் போகிற வழியில், 22 கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் சின்ன ஊர். பெயருக்கு ஏற்ற மாதிரி ஆறு முழுக்க உருண்டைக் கற்கள். அந்தத் தண்ணீர்தான் கீழே போய் வாமனபுரம் ஆறாகிறது.

எங்கள் அத்தையை அங்கே கட்டிக் கொடுத்திருந்தது. நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை எல்லாமே ஒரே மாநிலம்தானே, அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் சம்பந்தம் செய்வது எங்கள் பக்கம் சகஜம். மாமாவுக்கு அங்கே ஒரு பலசரக்குக் கடை. 1988இல் அத்தை மகள் கல்யாணம் அந்த வீட்டு முற்றத்தில்தான் நடந்தது. நெடுமங்காட்டிலிருந்து வீடியோக்காரர் வந்தார். தலைக்கு மேல் பிடிக்கிற அந்தப் பெரிய லைட், தோளில் கேமரா, பின்னாலேயே வயரைச் சுருட்டிக்கொண்டு ஒரு பையன். எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

அந்த மூன்று மணி நேரக் கேசட்டில்தான் எங்கள் ஆச்சி இருந்தாள். ஆச்சி பேசி, நடந்து, சிரித்து வேறு எதிலும் பதிவாகவில்லை. அடுத்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

2006 கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது மாமா அந்தக் கேசட்டை எடுத்து என் கையில் வைத்துக் கேட்டார்:

"மருமோனே, நீ கம்ப்யூட்டரு படிச்சவன்லா... இத எந்தத் தட்டுல போட்டா நிக்கும்?"

நான் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "இப்ப போடாதீங்க மாமா. புதுசா ரெண்டு தட்டு வந்திருக்கு, ரெண்டும் சண்டை போடுது. ஒரு வருஷம் பொறுங்க, எது ஜெயிக்குதுன்னு பாத்துட்டுப் போடலாம்" என்றேன். பெரிய மேதாவி மாதிரி.

அது என்ன சண்டை என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் சண்டை: பீட்டாவும் வி.எச்.எஸ்ஸும்

1975இல் சோனி பீட்டாமேக்ஸ் என்ற வீட்டு வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஜே.வி.சி. கம்பெனி வி.எச்.எஸ். கேசட்டோடு வந்தது. பீட்டா அளவில் சின்னது, படமும் கொஞ்சம் தெளிவு என்று சொல்வார்கள். ஆனால் ஆரம்பத்தில் அதில் ஒரு மணி நேரம்தான் பதிய முடியும். வி.எச்.எஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு முழு ஹாலிவுட் படம் ஒரே கேசட்டில் அடங்கும். அதோடு ஜே.வி.சி. மற்ற கம்பெனிகளுக்கும் தாராளமாக உரிமம் கொடுத்தது. நிறையப் பேர் செய்தார்கள், விலை இறங்கியது, வாடகைக் கடைகளில் எல்லாம் வி.எச்.எஸ். நிரம்பியது. 1988இல் சோனியே வி.எச்.எஸ். ரிக்கார்டர் விற்க ஆரம்பித்தது. அதற்கு மேல் என்ன தோல்வி வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், தோற்றதாகச் சொன்ன பீட்டாமேக்ஸ் கேசட்டை சோனி 2016 மார்ச் வரை விற்றுக்கொண்டிருந்தது. ஜெயித்த வி.எச்.எஸ்ஸுக்கு டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஃபுனாய், அதே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஜெயித்தவருக்கும் தோற்றவருக்கும் ஒரே வருஷம் கருமாதி.

நம் ஊரில் இந்தச் சண்டையின் சத்தம் அவ்வளவாகக் கேட்கவில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் இந்தியாவில் கலர் டி.வி.யே வந்தது. டெக் என்பது வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் சாமான். கேரளத்தில் கேட்கவே வேண்டாம். துபாய்க்காரர் வீட்டில் என்ன டெக் இருக்கிறதோ, அதற்கேற்ற கேசட்தான் அந்தத் தெருவுக்கு. மற்றவர்கள் டி.வி.யையும் டெக்கையும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்போம். மூன்று படம், விடிய விடிய. மூன்றாவது படத்தின் கிளைமாக்ஸைப் பார்த்தவர் யாரும் கிடையாது, எல்லாரும் தூங்கியிருப்போம்.

வெளிநாட்டுக்கு வந்தவர்களுக்கு இன்னொரு வம்பு இருந்தது. இந்தியாவும் இலங்கையும் பால் முறை. அமெரிக்காவும் கனடாவும் என்.டி.எஸ்.சி. முறை. ஊரிலிருந்து அம்மா ஆசையாக அனுப்பிய கல்யாணக் கேசட்டை இங்கே டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளைக் கோடுகள் உருண்டுகொண்டே இருக்கும். மாற்றிக் கொடுக்கத் தனிக் கடைகள் இருந்தன. எத்தனை குடும்பங்கள் பிள்ளையின் தாலி கட்டைக் கோடுகளுக்கு நடுவில் தேடியிருப்பார்கள்!

இரண்டாவது: நடக்காமல் போன சண்டை

1993இல் வி.சி.டி. வந்தது. 352க்கு 288 புள்ளிகள், ஒரு தட்டில் 74 நிமிஷம். அமெரிக்கா இதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் சீனா, தென்கிழக்கு ஆசியா, இந்தியா மூன்று இடத்திலும் வி.சி.டி.தான் ராஜா. இரண்டு தட்டில் ஒரு படம். இடைவேளை வந்தால் எழுந்துபோய்த் தட்டை மாற்ற வேண்டும். ஈரப்பதமான ஊர்களில் டேப்பை விடத் தட்டு தேவலை என்பதும் ஒரு காரணம். (இந்த ஈரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

அடுத்து டி.வி.டி. வரும்போது மறுபடி இரண்டு கோஷ்டி. சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தொஷிபாவும் டைம் வார்னரும் மற்றவர்களும் இன்னொரு பக்கம். இந்த முறை கம்ப்யூட்டர் கம்பெனிகள் குறுக்கே விழுந்தன. ஐ.பி.எம். தலைவர் லூ கெர்ஸ்ட்னர் முன்னின்று, இரண்டு வகை வந்தால் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1995இல் இரண்டு கோஷ்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தட்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். 1996 நவம்பரில் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது. சண்டையே போடாததால்தான் அது அத்தனை வேகமாக உலகம் முழுக்கப் பரவியது.

இந்தப் பாடத்தைப் படித்தவர்களே பத்து வருஷத்தில் மறந்துபோனார்கள்.

மூன்றாவது: நீல லேசர்

தட்டில் எவ்வளவு எழுதலாம் என்பது லேசர் எவ்வளவு மெல்லியது என்பதைப் பொறுத்தது. கோலம் போடுகிற மாதிரிதான். கட்டை விரலால் மாவை விட்டால் முற்றத்துக்கு ஒரு கோலம், விரல் நுனியால் மெல்ல இழுத்தால் அதே இடத்தில் நாலு கோலம். சி.டி.க்கு 780 நானோமீட்டர் லேசர், டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். நீலத்துக்கு இறங்க முடிந்தால் இன்னும் மெல்லிய கோடு. ஆனால் நீல ஒளி தரும் குறைக்கடத்தி செய்வது பல வருஷங்கள் முடியாத காரியமாக இருந்தது. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நிச்சியா கம்பெனியில் வேலை பார்த்த நாகாமுரா ஆகியோரின் உழைப்பில்தான் அந்தக் கதவு திறந்தது. நீல எல்.இ.டி.க்காக மூவருக்கும் 2014இல் நோபல் கிடைத்தது.

405 நானோமீட்டர் லேசர் கைக்கு வந்ததும் அதே இரண்டு கோஷ்டி மறுபடி பிரிந்தது.

2002 பிப்ரவரி 19 அன்று சோனி உள்ளிட்ட ஒன்பது கம்பெனிகள் ப்ளூ-ரே தட்டை அறிவித்தன. அதே வருஷம் தொஷிபாவும் என்.இ.சி.யும் வேறொரு தட்டை முன்வைத்தன. அதுதான் பிறகு எச்டி டி.வி.டி. ஆனது. இரண்டிலும் லேசர் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், தகவல் இருக்கும் அடுக்கு தட்டின் மேற்பரப்பிலிருந்து எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதில். எச்டி டி.வி.டி.யில் 0.6 மில்லிமீட்டர், பழைய டி.வி.டி. மாதிரியே. ப்ளூ-ரேயில் 0.1 மில்லிமீட்டர்தான், ஏறக்குறைய மேல்தோலுக்கு அடியிலேயே.

ஆழம் குறைந்தால் லென்ஸ் ஒளியை இன்னும் நெருக்கமாகக் குவிக்கலாம். அதனால் ப்ளூ-ரேயில் ஓர் அடுக்குக்கு 25 ஜிகாபைட், இரண்டு அடுக்கில் 50. எச்டி டி.வி.டி.யில் 15, 30. ஆனால் 0.1 மில்லிமீட்டர் மூடிக்குப் புது இயந்திரம் வேண்டும், கீறல் விழாமல் இருக்கத் தனிப்பூச்சு வேண்டும், செலவு அதிகம். எச்டி டி.வி.டி.யை இருக்கிற டி.வி.டி. தொழிற்சாலையிலேயே சில மாற்றங்களோடு அடித்துவிடலாம். இடம் பெரியதா, விலை மலிவா? கேள்வி அவ்வளவுதான்.

2005இல் சமரசப் பேச்சு நடந்து முறிந்தது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தொஷிபாவின் எச்டி டி.வி.டி. பிளேயர் 499 டாலருக்கு வந்தது. ஜூனில் சாம்சங்கின் ப்ளூ-ரே பிளேயர் 999 டாலருக்கு. நான் மாமாவிடம் மேதாவித்தனம் செய்தது சரியாக இந்தச் சமயத்தில்.

படக் கம்பெனிகளும் பிரிந்து நின்றன. டிஸ்னி, ஃபாக்ஸ், சோனியின் சொந்தக் கொலம்பியா எல்லாம் ப்ளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டி.வி.டி. பக்கம். வார்னரும் பாரமவுண்டும் இரண்டு வண்டியிலும் கால் வைத்திருந்தன. பீட்டாவில் அடிபட்ட சோனி இந்த முறை இரண்டு விஷயம் உஷாராகச் செய்திருந்தது. ஒன்று, 1989இலேயே கொலம்பியா படக் கம்பெனியை வாங்கிப்போட்டது. இன்னொன்று, 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3இன் வயிற்றுக்குள்ளேயே ப்ளூ-ரேயை வைத்துவிட்டது. பையன் விளையாட வாங்கினாலும் அப்பாவுக்கு ஒரு பிளேயர் இலவசம். மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்பாக்ஸுக்கு எச்டி டி.வி.டி. டிரைவைத் தனியாக 199 டாலருக்கு விற்றது. தனியாகக் காசு கொடுத்து எத்தனை பேர் வாங்குவார்கள்?

2007 ஆகஸ்டில் பாரமவுண்ட் எச்டி டி.வி.டி. பக்கம் மட்டும் என்று சாய்ந்தது. நவம்பரில் தொஷிபா பிளேயர்கள் தள்ளுபடியில் 100 டாலருக்கும் கீழே வந்தன. நானும் ஒன்று வாங்கினேன். வீட்டில், "எதுக்குங்க இது, ஏற்கெனவே ஒண்ணு இருக்கே?" என்ற கேள்விக்கு, "இதுதான் ஜெயிக்கப் போகுது, பாரேன்" என்றேன்.

2008 ஜனவரி 4. வார்னர் இனி ப்ளூ-ரே மட்டும்தான் என்று அறிவித்தது. லாஸ் வேகாஸ் கண்காட்சிக்குச் சில நாள் முன்னால். எச்டி டி.வி.டி. கோஷ்டி அங்கே நடத்தவிருந்த பத்திரிகையாளர் கூட்டத்தையே ரத்து செய்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாகக் கை கழுவினார்கள். பிப்ரவரி 19 அன்று தொஷிபா நிறுத்திக்கொள்வதாக அறிவித்தது. ப்ளூ-ரே அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஆறு வருஷம். அடுத்த வருஷம் தொஷிபாவும் ப்ளூ-ரே கூட்டத்தில் சேர்ந்துவிட்டது.

என் பிளேயர் இன்றும் நன்றாக ஓடுகிறது. போடத்தான் படம் இல்லை.

நம் ஊரில் ஜெயித்தது எது?

வெளிநாட்டில் இத்தனை அமளி நடந்தபோது இந்தியாவில் வேறு கதை ஓடியது. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட மோசர் பேயர் கம்பெனி 1980களில் ஃபிளாப்பி செய்ய ஆரம்பித்து, 1999இல் சி.டி.க்கு மாறி, உலகின் பெரிய தட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக வளர்ந்தது. நீலத் தட்டுகளிலும் இறங்கியது. ஆனால் அது நம் வீடுகளுக்குள் நுழைந்தது வேறு வழியில். தமிழ், மலையாளம், இந்தி என்று ஆயிரக்கணக்கான பழைய படங்களின் உரிமையை வாங்கி, வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று பெட்டிக்கடையில் தொங்கவிட்டது. திருட்டுத் தட்டு விலைக்கே நல்ல தட்டு! அந்த வருஷங்களில் ஊரிலிருந்து திரும்பிய நம் ஒவ்வொருவர் பெட்டியிலும் ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில் அந்தத் தட்டுகள் இருந்தன. 21 அங்குலக் குண்டு டி.வி. இருந்த வீட்டில் ப்ளூ-ரேயை வைத்து யார் என்ன செய்வது?

அந்த மோசர் பேயரும் கடனில் மூழ்கி 2018இல் கலைப்புக்குப் போனது.

நம்மைப் போல நாடு விட்டு நாடு வந்தவர்களுக்கு எச்டி டி.வி.டி.யில் ஒரு நல்ல குணம் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிராந்தியப் பூட்டு கிடையாது. டி.வி.டி.யில் அமெரிக்கா, கனடாவுக்கு 1, ஐரோப்பாவுக்கு 2, சிங்கப்பூர், மலேசியாவுக்கு 3, ஆஸ்திரேலியாவுக்கு 4, இந்தியா, இலங்கைக்கு 5 என்று உலகையே பாகம் பிரித்து வைத்திருந்தார்கள். ப்ளூ-ரேயில் அதை ஏ, பி, சி என்று மூன்றாகக் குறைத்தார்கள். இந்தியா சி, அமெரிக்கா ஏ, ஐரோப்பா பி. ஒரு குடும்பத்தில் அண்ணன் டொராண்டோவில், தங்கை பாரிஸில், அம்மா யாழ்ப்பாணத்தில் என்றால் மூவருக்கும் மூன்று பூட்டு. ஜெயித்த தட்டு பூட்டோடுதான் ஜெயித்தது.

ஜெயித்து என்ன? 2023 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தபாலில் தட்டு அனுப்புவதையே நிறுத்தியது. 2024இல் எல்.ஜி. ப்ளூ-ரே பிளேயர் செய்வதை விட்டது. பதிவு செய்யும் ப்ளூ-ரே தட்டுகளை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்தியது. தட்டே இல்லாமல் கம்பி வழியாகப் படம் வரும் காலத்தில், இருவர் சண்டையில் மூன்றாமவர் சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

கேசட் என்ன ஆயிற்று?

2008 பிப்ரவரியில் சண்டை முடிந்தது. ஆனால் எனக்கு அந்த வருஷம் லீவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். 2010இல்தான் கல்லாற்றுக்குப் போனேன். அதற்குள் மாமா காலமாகிவிட்டார். அத்தை அலமாரியைத் திறந்து, பழைய புடவையில் சுற்றி வைத்திருந்த கேசட்டை எடுத்துக் கொடுத்தாள்.

"நீ பொறுக்கச் சொன்னேன்னு மாமா ஒருத்தர்ட்டயும் குடுக்கல மக்களே. நெடுமங்காட்டுக் கடைக்காரன் கேட்டான், மருமோன் வரட்டும்னுட்டாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தால் டேப்பின் விளிம்பு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஜூனில் ஆரம்பிக்கிற காலவர்ஷம், ஐப்பசியில் துலாவர்ஷம். மலையடிவாரத்தில் துணியே காயாத ஊர். நாலு மழைக்காலம் அந்தக் கேசட் எனக்காகக் காத்திருந்தது.

இதில் பெரிய கேவலம் எது தெரியுமா? வி.எச்.எஸ். டேப்பில் இருப்பது சுமார் 240 கோடு அளவுத் தெளிவுதான். அதைச் சாதாரண டி.வி.டி.யிலேயே தாராளமாக வைக்கலாம். ப்ளூ-ரேயில் போட்டாலும் எச்டி டி.வி.டி.யில் போட்டாலும் ஆச்சியின் முகம் ஒரு புள்ளிகூடக் கூடுதலாகத் தெரிந்திருக்காது. நான் காத்திருக்கச் சொன்ன சண்டைக்கும் அந்தக் கேசட்டுக்கும் சம்பந்தமே இல்லை. இது எனக்கு 2006இலும் தெரிந்த கணக்குதான். மாமா முன்னால் புது விஷயம் தெரிந்தவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசையில் மறந்துபோனேன்.

திருவனந்தபுரத்தில் விசாரித்து, டேப்பைக் கையாலேயே துடைத்துச் சுத்தம் செய்து தரும் ஒருவரைக் கண்டுபிடித்தோம். மூன்று மணி நேரத்தில் நாற்பது நிமிஷம் தேறியது. அதில் ஆச்சி வருவது ஒரே இடத்தில். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். லைட் வெளிச்சம் கண்ணில் பட, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். என்னவோ சொல்கிறாள். நாதஸ்வரச் சத்தத்தில் கேட்கவில்லை. பிறகு படம் கிழிந்துபோகிறது.

என்ன சொன்னாள் என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை யோசிக்கவே இல்லை. "சோறு ஆறுது, வெளக்க அணைங்கலேன்னு ஏசுனா" என்றாள். இருபத்திரண்டு வருஷம் கழித்து!

கல்லாற்றுக் காட்டில் லட்சுமிக்குட்டி என்று ஒரு வைத்தியர், காணிக்காரர் இனத்தவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சுமார் 500 மூலிகை மருந்துகளை ஞாபகத்திலேயே வைத்திருப்பவர் என்று அப்போது எழுதினார்கள். அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டதாம். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தாள். ஞாபகத்தில் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் காத்திருக்க முடியாது.

அந்த நாற்பது நிமிஷம் இப்போது டி.வி.டி.யில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று, ஊரில் தம்பி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. சில வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் புதிதாக இருப்பதில் மாற்றி வைக்கிறேன். எது ஜெயிக்கும் என்று இப்போதெல்லாம் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த கேசட் ஒன்று ஷூ டப்பாவிலோ பரணிலோ கிடக்கும். பாலா, என்.டி.எஸ்.சி.யா என்றுகூடத் தெரியாமல் வைத்திருப்பீர்கள். இந்தச் சனிக்கிழமை எடுத்துப் பாருங்கள். அதில் யார் யார் இருக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்த ஒருவர் ஊரில் இன்னும் இருந்தால், முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.